ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

சேலம் கலெக்டர் ஆபீஸ் எதிரில்
நாலுக்கு ஆறடியில் என் ஜெராக்ஸ் கடை.
திங்கட்கிழமை மனு நாள்.
கேட்டில் ஏட்டு மாதையன்
வருகிறவர்களின் தண்ணீர் பாட்டிலை வாங்கி
மூடி திறந்து முகர்ந்து பார்ப்பார்,
போன மாசம் ஒருத்தர் மண்ணெண்ணெயோடு வந்ததிலிருந்து.
முகரக் கொடுப்பவர்கள் யாரும் முறைப்பதில்லை.
செருப்பையும் கழற்றட்டுமா என்றுகூட ஒருத்தர் கேட்டார்.

என் மெஷினுக்கு முகம் பார்க்கத் தெரியாது.
அதன் கண்ணாடியில்
யாரானாலும் குப்புறத்தான் படுக்க வேண்டும்.

இன்று முதல் ஆள் லாரி புக்கிங் சித்தேஸ்வரன்.
செவ்வாய்ப்பேட்டையில் அவர் வீட்டு மாடியில்
வெள்ளிப் பட்டறைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் ஆறு பேர்.
ஸ்டேஷனில் கொடுக்க ஆறு ஆதார், முன்னும் பின்னும்.
"எவனெவனோ வர்றான். நாளைக்கு ஒண்ணுன்னா
என்னையில்ல கேப்பாங்க."
கையிலிருந்த போனில் செய்தி ஓடியது:
அமெரிக்காவில் முகமூடி போட்ட போலீஸ்
கார்க் கண்ணாடியை உடைத்து ஒருத்தனை இழுக்கிறது.
"பார்த்தியாம்மா, இதுதான் சட்டம்.
காகிதமில்லாதவனை வெச்சிருந்தா நாடு உருப்படுமா?
இங்கேயும் இப்படி வரணும்."
நான் ஆறாவது ஆதாரைத் திருப்பிப் போட்டேன்.
லக்கன் முர்மு. பிறந்த தேதி ஜனவரி ஒன்று.
ஆறு பேரில் நாலு பேருக்கு ஜனவரி ஒன்று.

அவர் தங்கை மகன் நவநீதன் டெக்சாஸில் இருக்கிறான்.
அவன் விசா முடிந்த தாளைச் சித்திரையில்
நான்தான் பிரதி எடுத்தேன்,
வக்கீலுக்கு அனுப்ப, மூன்று செட்.
அன்றைக்குச் சட்டம் பேசவில்லை அவர்.
"தங்கமான பையன், கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான்" என்று
தாள் சூடு ஆறுமுன்னே மடித்துப் பையில் வைத்தார்.

ஞாபகப்படுத்தியிருக்கலாம்.
கடை வாடகை ஏறிவிட்டது, அவர் மாசம் தவறாமல் வருகிறவர்.
"பன்னிரண்டு பக்கம், இருபத்திநாலு ரூபாய்ண்ணா" என்றேன்.

பதினொரு மணிக்கு நிரோஜினி.
ஓமலூர்ப் பக்கத்து முகாம்.
தங்கை பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள்,
கூடத் தங்க அனுமதி வேண்டும்,
இல்லையென்றால் கணக்கெடுப்பில் ஓர் ஆள் குறையும்.
பிறந்தது ஓமலூரில்.
அட்டையில் ஊர் மன்னார். பார்த்ததில்லை.
பேச்செல்லாம் எங்க ஊர்ப் பேச்சுதான்,
மாதையன் கூப்பிடும்போது மட்டும்
"ஓம்" என்று வாய் தவறிவிடும்,
உடனே "ஆமாங்க" என்று திருத்துவாள்.

சித்தேஸ்வரன் நகர்ந்து நிழலில் இடம் விட்டார்.
"பாவம், நம்ம ஜனம்" என்றார் என்னிடம்.
போன வருஷம் இவள் அண்ணன் வீடு கேட்டு வந்தபோது
"கியூ பிராஞ்ச்காரன் வாசல்ல வந்து நிப்பான்" என்று அனுப்பியதும்
இதே ஸ்டூலில் உட்கார்ந்துதான்.

அவள் அட்டை பாதியில் சிக்கிக்கொண்டது.
தட்டைத் திறந்து இழுத்தால்
நெற்றிவரை முகம், அதற்குக் கீழே கறுப்பு.
கசக்கிப் போட்டேன். கெட்ட தாளுக்குக் காசில்லை.

அவருக்குப் போன் வந்தது. தங்கை.
ஏட்டு முன்னால் நிற்பதுபோல் எழுந்து நின்றார்.
"நேத்திலிருந்தா?"
"ரூம்ல இருக்கிற பையனைக் கேட்டியா?"
"தூங்கியிருப்பான். அழாதே.
அங்க இப்ப ராத்திரி பன்னிரண்டரை."
சொல்லிக்கொண்டே ரோட்டைக் கடந்து போனார்,
பஸ் ஹாரன் அடித்தும் பார்க்காமல்.

நிரோஜினி யாரென்று கேட்கவில்லை,
என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.
சில்லறையை எண்ணிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:
"அங்கேயும் ராத்திரியிலதான் கணக்கெடுப்பாங்களா அக்கா?"

எனக்கு என்ன தெரியும்.

பன்னிரண்டு தாளும் மேசைமேலேயே கிடந்தன.
ஃபேன் காற்றுக்கு மேல்தாள் எழும்பியது, லக்கன் முர்மு.
ஸ்டேப்ளரை எடுத்து வைத்தேன்,
முகத்தில் படாமல், ஓரமாக.